ஒரு வேலை, மூன்று ஸ்டைல்ஷீட்கள்!

எக்ஸ்.எம்.எல். என்ற பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒவ்வொரு தகவலையும், அது என்ன என்று சொல்லும் டேக்குகளுக்குள் எழுதி வைக்கும் முறை இது. 1998ல் டபிள்யூ3சி அமைப்பு இதன் முதல் பதிப்பினை வெளியிட்டது. இந்த டேட்டாவை வேறு வடிவத்திற்கு மாற்றித் தரும் ஸ்டைல்ஷீட் மொழிதான் எக்ஸ்.எஸ்.எல்.டி. இது 1999ல் வந்தது.

புதிதாகக் கற்பவர்கள் எல்லா மாற்றங்களையும் ஒரே ஸ்டைல்ஷீட்டில் எழுதப் பார்ப்பார்கள். இதனைச் சிறு சிறு ஸ்டைல்ஷீட்களாகப் பிரித்து, ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுப்பதே நல்லது. ஏன் என்று பார்ப்போமா?

எங்கள் வீட்டுத் திருமணத்திற்கு அழைக்க வேண்டியவர்கள் 412 பேர். அந்தப் பட்டியலை எக்ஸ்.எம்.எல். பைலாக அமைத்தேன். பெயர், ஊர், போன் என டேக்குகளைத் தமிழிலேயே வைக்கலாம். பைலை யூ.டி.எப்.8 வகையில் சேவ் செய்திட வேண்டும்.

<b>மூன்று கட்டங்கள்</b>

1. ஊர்ப் பெயர்களைச் சீராக்குதல். தஞ்சை, தஞ்சாவூர் என இரண்டு விதமாக இருப்பதை ஒன்றாக்க வேண்டும்.

2. ஊர் வாரியாகப் பிரித்தல்.

3. பிரிண்ட் எடுப்பதற்காக எச்.டி.எம்.எல். டேபிளாக மாற்றுதல்.

வரிசை முக்கியம். முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒரே ஊர் இரண்டு இடங்களில் வரும். மூன்றாவதை முன்னால் கொண்டு வந்தால் பெயர், ஊர் என்ற டேக்குகளே மறைந்து, வெறும் டேபிள் கட்டங்கள்தான் மிஞ்சும். அதன் பின் எது ஊர் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

<b>எப்படி இயக்குவது?</b>

எக்ஸ்.எஸ்.எல்.டி.பிராக் என்ற இலவச புரோகிராம் போதும். கட்டளை வரியில் புரோகிராமின் பெயர், ஸ்டைல்ஷீட் பைல், டேட்டா பைல் என்ற வரிசையில் கொடுக்கவும். விடையைப் புதிய பைலாக சேவ் செய்து, அதனையே அடுத்த ஸ்டைல்ஷீட்டிற்கு டேட்டாவாகத் தரவும். பிரவுசரை நம்ப வேண்டாம். குரோம் பிரவுசரிலிருந்து எக்ஸ்.எஸ்.எல்.டி. வசதியை நீக்கப் போவதாக 2025ல் கூகுள் அறிவித்தது.

<b>இடையில் எண்ணிப் பாருங்கள்</b>

இந்த முறையின் பெரிய லாபம், இடையில் கிடைக்கும் பைல்கள்தான். நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். நான் ஒவ்வொரு கட்டத்திற்குப் பின்னரும் பெயர்களின் எண்ணிக்கையைச் சரி பார்த்தேன். முதல் கட்டத்தில் 412, இரண்டாவதில் 411! தேடினால், அப்பா தந்த பட்டியலில் ஒருவருக்கு ஊர் என்ற டேக்கே இல்லை. காரணம், அவர் பக்கத்துத் தெருக்காரர்! ஊரை வைத்துப் பிரிக்கும்போது, ஊர் இல்லாதவர் எந்தப் பிரிவிலும் சேரவில்லை. கம்ப்யூட்டரும் பிழைச் செய்தி எதுவும் காட்டவில்லை.

ஒரே பெரிய ஸ்டைல்ஷீட் என்றால் கடைசி டேபிள் மட்டுமே கையில் இருக்கும். ஒருவர் குறைந்தாலும், எந்த இடத்தில் விடுபட்டார் என்று முழுவதையும் அலச வேண்டும். அழைப்பிதழ் கிடைக்காத மனிதருக்கு என்ன சமாதானம் சொல்வது?

பத்துப் பெயர்கள் கொண்ட சிறிய பைலில் முதலில் முயன்று பாருங்கள். ஒரு பெயருக்கு மட்டும் ஊர் டேக்கை வேண்டுமென்றே எடுத்துவிட்டு, அது எந்தக் கட்டத்தில் காணாமல் போகிறது என்று கவனியுங்கள்.