இசைத்தட்டும் பாடபேதமும்

கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார் திருவள்ளுவர். கேட்டலும் ஒரு கல்வியே என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். நூற்பொருளைக் கேட்பதற்கு உரியது இசையைக் கேட்பதற்கும் உரியதே. ஆயின், இசைக்கு நெடுங்காலமாக ஓர் இடர்ப்பாடு இருந்து வந்தது. நூலை வேண்டியபோது மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். பாட்டோ, பாடி முடிந்த அளவிற் காற்றோடு கலந்துவிடும். நேற்றுக் கேட்ட தோடியையும் இன்று கேட்ட தோடியையும் ஒப்பிட விரும்பினவனுக்குத் தன் நினைவையன்றி வேறு துணை இருந்ததில்லை.

இவ்விடர்ப்பாட்டை நீக்கியது ஒலிப்பதிவு. 1902ஆம் ஆண்டின் இறுதியிற் கல்கத்தாவிலே கௌகர் ஜானின் பாட்டுக் கிராமபோன் தட்டிற் பதியப்பட்டது. அன்று தொடங்கிய பணி இன்று கைத்தொலைபேசி வரை வந்திருக்கின்றது. தியாகராச சுவாமிகளின் ஒரு கீர்த்தனையைப் பத்து வித்துவான்களின் குரலில் ஒரு மாலைப்பொழுதிலே கேட்டுவிடலாம். இத்துணை வாய்ப்பு நம் முன்னோருக்குக் கிட்டவில்லை. கிட்டியதை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்? இரண்டு பதிவுகளைக் கேட்டவுடன், "யாருடையது சிறந்தது?" என்றே பெரும்பாலோர் வினவுகின்றனர். இவ்வினா தகாதது அன்று. ஆயினும் முதலில் எழ வேண்டிய வினாவும் அன்று. அதற்கு முன் எழ வேண்டியவை எவை என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் கற்றார்க்கு ஒப்புநோக்குதல் புதியதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இலே கலித்தொகையையும் அச்சேற்றியபோது, பல இடங்களிலிருந்தும் ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பெற்று ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார்கள். ஏடெழுதுவோன் கைப்பிழை எது, செல்லரித்த இடம் எது, புலவன் வாக்கு எது எனப் பிரித்தறிதலே அவர்கள் செய்த பணி. இசைப்பதிவுகளை ஒப்பிடுவோனும் இதனையே முதலிற் செய்தல் வேண்டும். ஏடெழுதுவோனுக்குக் கைப்பிழை இருந்தது போலக் கருவிக்கும் பிழை உண்டு. அதனைப் பாடினவர் தலையிற் சுமத்துதல் நீதியன்று.

கருவியால் வரும் குறைகளுள் முதலாவது காலக்குறை. பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திலே ஏறக்குறைய மூன்று நிமிடமே பதிய முடிந்தது. பன்னிரண்டு அங்குலத் தட்டாயினும் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலேதான். கச்சேரியில் அரைமணி நேரம் விரித்துப் பாடும் உருப்படியை மூன்று நிமிடத்துள் அடக்க வேண்டுமானால், இராக ஆலாபனை ஓரிரு பிடிகளோடு நிற்கும், நிரவலுக்கு இடமிராது, சங்கதிகள் சில விடப்படும், காலப்பிரமாணமும் விரையும். 1948இல் நெடுநேரத் தட்டு வந்த பின்னரே ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ஆகவே, முன்னைய தட்டொன்றைக் கேட்டு, "அக்காலத்தார் விரிவாகப் பாட அறியார்" என்று முடிவு கட்டுவது, தனிப்பாடல் ஒன்றைக் கண்டு அப்புலவனுக்குக் காப்பியம் பாட வராது என்பது போலாகும்.

திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை அவர்களின் தோடி இசைத்தட்டு இதற்குத் தக்க சான்று. கோயில் வீதியில் இரவு முழுதும் நாதசுரம் வாசித்த அப்பெருமகனாரின் தோடி, அத்தட்டிலே சில நிமிடமாகக் குறுகி நிற்கின்றது. அதனைக் கேட்போர் அதனை முழுத் தோடியாகக் கொள்ளாது, பெருங்கோயில் ஒன்றைச் சாளரத்தின் வழியே கண்டதாகக் கொள்ளுதல் தகும்.

இரண்டாவது ஒலிக்குறை. 1925ஆம் ஆண்டளவில் மின்சார முறையும் ஒலிவாங்கியும் வரும் வரை, பாடுவோர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயை நோக்கி உரத்துப் பாட வேண்டியிருந்தது. அக்குழாய் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் ஏற்பதில்லை. மெல்லிய கமகங்களும் தம்புராவின் நாதமும் அதிற் பெரும்பாலும் அழிந்தன. அக்காலத் தட்டுகளில் ஒரு குரல் வன்மையாக ஒலித்தால், அது அவர் இயல்பா, குழாயின் கட்டாயமா என்று ஐயுறுதல் வேண்டும்.

மூன்றாவது வேகக்குறை. இதனைப் பலரும் கவனிப்பதில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய தட்டு 82 முறைக்குச் சற்று மேலாகச் சுழன்றால், சுருதி அரைக்கட்டை உயர்ந்துவிடும். மூன்று நிமிடப் பாட்டும் பத்து நொடி முன்னரே முடிந்துவிடும். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றிலே பதியப்பட்டவையுமல்ல. ஒலிநாடாவிலும் இக்குறை உண்டு. பற்றரி வலுவிழந்த கருவியிற் பதிந்த கச்சேரியைப் பின்னர் நல்ல கருவியில் ஓடவிட்டால், வித்துவானின் குரல் சிறுபிள்ளைக் குரலாக மாறும். 1990களில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டவர்கள், மிதிக்கும் காலுக்கேற்பச் சுருதி ஏறி இறங்கியதை மறந்திருக்க மாட்டார்கள். எனவே, ஒரு பதிவு விறுவிறுப்பாக இருக்கின்றது, மற்றது தளர்ந்திருக்கின்றது என்று கூறுமுன் சுருதியைச் சோதித்தல் நன்று. அவ்வித்துவான் வழக்கமாகப் பாடும் கட்டையோடு ஒத்துப் பார்த்தால் உண்மை ஓரளவு விளங்கும்.

இவ்வாறு கருவியின் பிழைகளைக் கழித்த பின்னும் வேற்றுமைகள் எஞ்சி நிற்கும். இங்கேதான் ஏட்டை ஒப்பிடுதலும் இசையை ஒப்பிடுதலும் வேறு வழிகளிற் பிரிகின்றன. பதிப்பாசிரியர் தேடுவது ஒரே உண்மைப் பாடத்தை. ஏனைய பாடங்களை அவர் அடிக்குறிப்பிலே தள்ளிவிடுவார். நம் இசையிலோ ஒவ்வொரு குருபரம்பரைக்கும் ஒவ்வொரு பாடாந்தரம் உண்டு. அவற்றுள் ஒன்று மூலமென்றும் மற்றவை பிழையென்றும் தள்ள இயலாது. ஒரே கீர்த்தனை பல வாய்களில் பல்வேறாக வாழ்வதே அதன் உயிர். எஞ்சிய வேற்றுமைகளைக் குறையென்று எண்ணாது, "இவர் ஏன் இவ்வாறு பாடினார்?" என்று வினவும்போதுதான் கேள்வி கல்வியாகின்றது.

எவற்றை ஒப்பிடுவது? மூன்றினைக் கூறுவாம்.

முதலாவது, இராகத்தின் ஒரு சுரத்தை எடுத்துக்கொள்ளுதல். தோடியின் காந்தாரம் தன்னிடத்தில் அசையாது நிற்கும் சுரமன்று. அது கீழே இரிடபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டு ஊசலாடுவது. ஆர்மோனியக் கட்டையை அழுத்திப் பெற முடியாத ஒலி அது. இராசரத்தினம்பிள்ளையின் நாதசுரத்தில் அக்காந்தாரம் எவ்வளவு தூரம் அசைகின்றது, ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் குரலில் எவ்வளவு அசைகின்றது, வீணையில் எவ்வாறு இழுக்கப்படுகின்றது என்று அந்த ஒன்றை மாத்திரம் பின்தொடர்ந்து கேளுங்கள். ஜி. என். பி. அவர்களின் பாட்டில் நாதசுரப் பாணியின் செல்வாக்கு உண்டென்று இசையறிந்தோர் கூறுவர். அதன் பொருளைப் பிறர் சொல்லாமலே அப்போது உணர்வீர்கள். அவ்வாறே வீணை தனம்மாளின் (1867–1938) இசைத்தட்டுகளையும், அவருடைய பேர்த்தியர் பிருந்தா, முக்தா ஆகியோர் பாடிய பதங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், விரலில் இருந்த கமகம் மிடற்றிலே குடியேறியதைக் காணலாம். ஒரு குடும்பத்தின் பாடாந்தரம் தலைமுறை கடந்து வருவதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இரண்டாவது, காலப்பிரமாணம். இந்தோள இராகத்திலமைந்த "சாமஜவரகமனா" என்னும் தியாகராச கீர்த்தனையைப் பலரும் நடுத்தர நடையிற் பாடக் கேட்டிருக்கின்றோம். எம். டி. இராமநாதன் (1923–1984) பாடிய பதிவோ மிகத் தாழ்ந்த சுருதியில், மிக மெதுவாகச் செல்வது. முதன்முறை கேட்போர் சிலர் பொறுமை இழப்பர். ஆனால் அத்தொடரின் பொருளை நோக்குக: சாமஜம் என்பது யானை; வரகமனம் என்பது சிறந்த நடை. யானையின் பெருமித நடையை உடையவனே என்று இறைவனை விளிக்கும் பாட்டு யானை நடையிற் செல்வதிற் குறை யாது? இதனால் விரைந்து பாடினோர் தவறினர் என்பதுமில்லை. அவர்கள் பாட்டின் மகிழ்ச்சியைப் பற்றினர். இவர் அதன் பெருமிதத்தைப் பற்றினார். இருவரையும் கேட்டவனுக்கே பாட்டு முழுமையாகக் கிடைக்கின்றது.

மூன்றாவது, சொல். தமிழாசிரியன் என்ற முறையில் இதனை அழுத்திக் கூறுதல் என் கடமை. பாடுவோர் மூச்சை எங்கே விடுகின்றனர் என்று கவனித்தல் வேண்டும். "தாமரை" என்ற சொல்லைத் "தா" என்று நிறுத்தி "மரை" என்று தொடங்கினால், மலர் போய்க் காட்டு விலங்கு வந்து நிற்கும். இராகம் எத்துணைச் சிறப்பாயினும் இப்பிழை பிழையே. இது பாடாந்தரத்துள் அடங்காது. கோபாலகிருட்டிண பாரதியாரின் தமிழ்க் கீர்த்தனைகளைப் பலர் குரலிலும் கேட்டு, சொல் சிதையாது பாடுவோர் யாவர் எனக் குறித்துப் பாருங்கள். மாணவர்க்கு அதனினும் நல்ல பயிற்சி இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். முதலிற் கேட்ட பதிவே நம் மனத்தில் அளவுகோலாகிவிடும் இயல்புடையது. பின்னர்க் கேட்பவை எல்லாம் அதனின் மாறுபட்ட அளவுக்குத் தவறுபோலத் தோன்றும். கேட்போனுக்கு இது சிறிய குறை, கற்போனுக்குப் பெருங்கேடு. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகள் ஆசிரியரை விட்டுப் பதிவை மாத்திரம் பின்பற்றினால், இடம் போதாமையால் தட்டில் விடப்பட்ட சங்கதி, கீர்த்தனையிலேயே இல்லாத சங்கதியாகிவிடும். அன்றைய தினம் வித்துவானுக்கு இருந்த தொண்டைக் கட்டும் பாடாந்தரமாகிவிடும். ஒரு பதிவைக் கேட்டுக் கற்றவன் அதன் நிழலாவான். பல பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர் வாயிலாகத் தெளிந்தவனே பாடகனாவான்.

இனி, பழைய மாணவர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பிடுவதற்குப் பிரதிகள் வேண்டும். சென்னை வித்துவான்களின் பதிவுகள் எங்கும் கிடைக்கின்றன. நம் கோயில் திருவிழாக்களில் ஒலித்த நாதசுரமும் தவிலும் அவ்வாறு கிடைப்பதில்லை. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) அவர்களின் தவிலைத் தமிழகத்தின் பெருவித்துவான்களே வியந்து பாராட்டினர். அவரும் அவர் காலத்தவரும் நம் வீதிகளில் வாசித்தவற்றுட் பதிவானவை சிலவே. அவையும் அன்பர்கள் தம் கையடக்கக் கருவிகளிற் பதிந்தவை. போரும் இடப்பெயர்வும் அவற்றுட் பலவற்றை அழித்தன. எஞ்சியவை யாழ்ப்பாணத்து அலுமாரிகளிலும், இலண்டன், ரொறன்ரோ வீடுகளின் பெட்டிகளிலும் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏடுகளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். நாடாவுக்கு நெருப்பும் வேண்டியதில்லை, காலமே போதும்.

ஆகவே, உங்களிடம் உள்ள நாடாக்களைத் தக்கார் துணைக்கொண்டு கணினியிற் பெயர்த்து வையுங்கள். வாசித்தவர், உடன் வாசித்தவர், கோயில், திருவிழா, ஆண்டு, பதிந்த கருவி ஆகிய விவரங்களை, அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். "இதே மல்லாரி வேறு நாடாவிலும் உண்டு" என்று எதனையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டாவது பிரதி இருந்தாலன்றி முதலாவதன் அருமை விளங்காது. ஏடுகள் ஒடிந்து உதிர்வதைக் கண்டு மனம் நொந்த தாமோதரம்பிள்ளை அவர்கள் நொந்ததோடு நின்றுவிடவில்லை. கிடைத்தவற்றைத் தேடித் திரட்டி நமக்குத் தந்தார்கள். அவர்கள் பிறந்த மண்ணில் வந்த நாம், செவிக்குரிய ஏடுகளுக்கு அதனையே செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.