உங்களுக்குத் தெரியுமா? காந்திகிராமத்து ஊசியும் நூலும்

இயந்திரம் என்றாலே காந்திக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் தையல் மிஷினுக்கு அவர் வெளிப்படையாகவே விலக்குக் கொடுத்திருந்தார். அந்த விலக்கு வெளிவரக் காரணமான கேள்வியைக் கேட்டவர் பின்னாளில் நம் திண்டுக்கல் பக்கம் வந்து குடியேறிய மனிதர்.

1924-ல் டெல்லியில் 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்திருந்த காந்தியைப் பார்க்க, சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஒரு கேரளத்து இளைஞர் போனார். எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டார். உடம்பே ஓர் இயந்திரம், ராட்டையும் இயந்திரம், பல்குத்தும் குச்சிகூட இயந்திரம்தான் என்று சொன்ன காந்தி, சிங்கர் தையல் மிஷினை உதாரணம் காட்டினார். மனைவி கையால் தைத்துத் தைத்து ஓய்ந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல் அன்பினால் சிங்கர் செய்தது அது என்பது அவர் சொன்ன கதை. இளைஞர் விடவில்லை. அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதற்குள் பெரிய இயந்திரங்கள் இருக்குமே என்றார். இருக்கட்டும், அப்படிப்பட்ட தொழிற்சாலை அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. மகாதேவ தேசாய் எழுதிவைத்த இந்த உரையாடல் அந்த ஆண்டு நவம்பரில் ‘யங் இந்தியா’வில் வெளியானது.

அந்த இளைஞர்தான் ஜி. ராமச்சந்திரன். 1947 அக்டோபரில் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து, சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். சௌந்தரம் யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் இன்னும் சுவை: பஸ்ஸும் லாரியுமாக ஓடவிட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள்!

●

காந்தி சொன்ன சிங்கர் கதை உண்மையா? இல்லை. ஐசக் சிங்கர் பாஸ்டனில் ஒரு பட்டறையில் சரியாக ஓடாத வேறொரு தையல் மிஷினைப் பார்த்துத் திருத்தி, 1851-ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கியவர். இல்லற வாழ்க்கை அவ்வளவு உத்தமமானதும் இல்லை. பல பெண்களிடம் இருபதுக்கு மேல் பிள்ளைகள். வீட்டைக் காப்பாற்ற மனைவி தைப்பதைப் பார்த்துத்தான் மிஷின் யோசனை வந்தது என்ற கதை, அவருக்கு முன்பே 1846-ல் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவைப் பற்றிச் சொல்லப்படுவது. ஹோவின் கதை சிங்கர் பெயருக்கு மாறிவிட்டது போலிருக்கிறது. மிஷின் நன்றாக ஓடுகிறது, கதை யாருடையதாக இருந்தால் என்ன!

●

காந்திக்கே தையல் தெரியும். 1909-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா சிறையில் அவருக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, நைந்துபோன கம்பளிகளை இணைத்துத் தைப்பது. தரையில் குனிந்து உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒட்டுப்போர்வை தைத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

●

காந்திகிராமம் பிறந்த அதே 1947-ல், நவம்பர் 20-ஆம் தேதி, இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்குக் கல்யாணம். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றார் காந்தி. ராட்டை இருக்கிறதே, நூற்றுக் கொடுங்கள் என்று யோசனை சொன்னவர் மவுண்ட்பேட்டன். காந்தி நூற்ற நூலில் இன்னொருவர் ஒரு சிறு லேஸ் துணி பின்னினார். நடுவில் ‘ஜெய் ஹிந்த்’. பரிசுகளை வரிசையாக வைத்திருந்த இடத்தில் அதைப் பார்த்த பாட்டி மேரி ராணி, இடுப்புத் துணியைப் போய் அனுப்பியிருக்கிறாரே என்று முகம் சுளித்தாராம். பேத்தி பத்திரப்படுத்திவைத்தார். எழுபது ஆண்டுகள் கழித்து வந்த இந்தியப் பிரதமருக்கும் எடுத்துக் காட்டியிருக்கிறார். தங்கமும் வைரமும் குவிந்த கல்யாணத்தில் இன்றைக்கும் பேசப்படுவது இந்தத் துண்டுத் துணிதான்.

●

காந்திகிராமத்துக்கு அண்டை ஊர் சின்னாளப்பட்டி. ஒரு காலத்தில் ‘சின்னாளப்பட்டு’ என்றாலே தெரியாத வீடு இல்லை. இப்போது சுங்குடிச் சேலை அங்கே முக்கியமான வியாபாரம். சௌராஷ்டிர சமூகப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்துக்கு அனுப்புவார்கள். முடிச்சு அவிழ்ந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். 2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மெழுகு அச்சும் திரை அச்சும் வந்தபிறகு கைமுடிச்சு குறைந்துபோனது. அசல் எது என்று பார்க்க ஒரு வழி: புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது, புதுத் துணியில் முடிச்சு விழுந்த இடம் லேசாகப் புடைத்திருக்கும்.

●

கதரும் சுங்குடியும் மில் துணியும் கலந்து ஒட்டுப்போர்வை தைக்கப்போகிறீர்களா? முதலில் எல்லாவற்றையும் தனித்தனியாக இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். கைநூல் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், மில் துணி அந்த அளவுக்குச் சுருங்காது. ஊறப்போடாமல் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை முழுக்க நெளிநெளியாக இழுத்துக்கொள்ளும். சுங்குடிச் சாயம் பக்கத்து வெள்ளைக் கதரில் இறங்கினால் அதைவிடக் கொடுமை. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் போட்டு முடிந்த துணிக்கு அது பெரிதாக உதவாது. தண்ணீர் தெளிகிறவரை அலசுவதுதான் வழி. காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கதர்க்கடைகளில் தள்ளுபடி வரும். தீபாவளிப் பரிசுக்குத் துணி எடுக்க அதுவே நல்ல நேரம்.

●

போர்வைக்குள் இலவம்பஞ்சு வைக்கலாமா? தலையணைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இழை உள்ளே குழாயாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாததால் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைக்குள்ளும் அதையே அடைத்தார்கள். அந்த வழுவழுப்புதான் போர்வைக்கு எதிரி. இழைகள் ஒன்றையொன்று பற்றாமல் மூலைக்கு ஓடிவிடும். பழைய பருத்திப் போர்வையையே நடு அடுக்காக வையுங்கள்.

●

வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, கர்நாடகத்தில் கவுதி, மராட்டியத்தில் கோதடி. எல்லாமே பழைய புடவையை அடுக்கி ஓடுதையல் போட்டவை. காந்தா தைத்த பாட்டிமார்கள் நூல்கூட வாங்கவில்லை; பழைய புடவைக் கரையிலிருந்து உருவிக்கொண்டார்கள். நம் பக்கத்தில் அதே பழைய சேலை தூளியாகும், பிள்ளைக்குக் கீழே விரிப்பாகும். தைத்துப் பெயர் வைக்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. ஆனால் தேரில் தொங்கும் தொம்பையை மறந்துவிடக் கூடாது. வண்ணத் துணியை வெட்டி, மேலே வைத்துத் தைத்த தஞ்சாவூர்க் கைவேலை அது.

●

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கி மலைப்பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் பூவேலை செய்த பைகள், குர்தாக்கள், தலையணை உறைகள் ‘பொர்கை’ என்ற பெயரில் விற்கின்றன. இதற்கும் காந்திகிராமத்துக்கும் என்ன உறவு? அங்கே 1993-ல் ஆதிவாசிகளுக்கு மருத்துவம் பார்க்கப் போன டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அதற்குமுன் காந்திகிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். முதலில் பிரசவமும் காய்ச்சலும்தான். கைவேலை பிறகு வந்தது. லம்பாடிப் பெண்கள் பழைய பாவாடை ரவிக்கையை விட்டுச் சேலைக்கு மாறியபிறகு, அந்தத் தையலும் கைவிட்டுப் போயிருந்தது. நினைவில் வைத்திருந்தவர்கள் வயதான பெண்கள் மிகச் சிலர். அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்து, தாங்களே நடத்தும் சங்கத்தின் மூலம் விற்கிறார்கள். வெளியூர் கம்பெனிக்குக் கூலிக்குத் தைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் பைகளின் விலைச்சீட்டில் பார்க்கலாம். விலை கூடுதல்தான், கொடுக்கலாம்.

●

நீலகிரித் தோடர் பெண்கள் துணியில் கோடு போட்டுக்கொள்வதில்லை. இழையை எண்ணியே வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

●

நாகர்கோவில் லேஸுக்கு ஏறத்தாழ 200 வயது. தொடங்கிவைத்தவர் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸையும் கொண்டுபோனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட அதே வளாகத்தில் லேஸ் பின்னலும் நடந்தது. ஒன்றுக்குத்தான் சிலை வைத்தார்கள்.

●

எம்பிராய்டரிக்கு எல்லாரும் வாங்கும் ஆங்கர் நூலுக்கும் மதுரைக்கும் பழைய சொந்தம். ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்லும் கோட்ஸ் நிறுவனமும் 1974-ல் ஒன்றுசேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயின. அந்த நூலைப் பிரித்துப் பாருங்கள், ஆறு இழை இருக்கும். ஆறையும் சேர்த்துத் தைக்கிறவர்கள்தான் “பூ தடித்துப்போச்சு” என்று குறைப்படுவார்கள். இரண்டிழை போதும்.

●

‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியபிறகு பத்து ரூபாய் போட்டால் பை வரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. தீபாவளிக்குக் கொடுக்க நான் சொல்வது இன்னும் சின்னது: சுருக்குப்பை. நவராத்திரிக் கொலுவுக்குப் போய் வாங்கிவந்து பீரோவில் அடுக்கியிருக்கும் ஜாக்கெட் பிட்டுகளை எடுங்கள். அவை உங்களிடம் வந்த வழியிலேயே அடுத்த வீட்டுக்குப் போகப்போகின்றன, நமக்குத் தெரியாதா! 80 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலமுள்ள ஒரு பிட்டில் 20-க்கு 45 செ.மீ. அளவில் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்துப் பக்கம் தைத்து, வாயை மடக்கி அடித்து, கயிறு கோத்தால் எட்டுப் பை. பிசிறு உள்ளே தெரியாமல் இரட்டைத் தையல் போடுங்கள். இஞ்சி லேகிய டப்பா ஒன்று வசதியாக உட்காரும்.