பல்லின் வேரும் முப்பரிமாணப் படமும்

பல் போனாற் சொல் போகும் என்பது நம்மவர் வழக்கு. தகர நகரங்களின் பிறப்பிடத்தை மேற்பல்லின் அடியோடு சேர்த்து இலக்கண நூலார் வகுத்திருப்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் ஆண்டுதோறும் மாணவர்க்கு எடுத்துரைக்கின்றோம். ஆயினும் வரக்காப்பொலையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலே நாற்பது வயதைத் தாண்டியோரிற் பலர் கடைவாய்ப் பற்களை இழந்தவராய் இருக்கக் காண்கின்றோம். வெற்றிலையும், சீனி மிகுந்த தேநீரும், இவ்வூருக்குப் பெயர் தேடித்தந்த தலகுலி என்னும் எள்ளுருண்டையும் அதற்கு ஓரளவு பொறுப்பாகலாம். (எள்ளுருண்டையை அதிகம் குறைகூற எமக்கு மனமில்லை.) பெரும்பொறுப்பு, நோகின்ற பல்லைப் பிடுங்குவதே வைத்தியம் என்னும் எண்ணத்தையே சாரும். பிடுங்காமற் காக்கும் வழி ஒன்று உண்டு. அவ்வழியில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த துணையாகிய முப்பரிமாணப் படம் எப்பொழுது வேண்டும், எப்பொழுது வேண்டா என்பதை நம் பழைய மாணவர்களுக்கு விளக்க விரும்புகின்றோம்.

பல்லைப் புறத்தே நோக்குங்கால் அஃது ஒரு வெண்கல்லைப் போலத் தோன்றும். உண்மையில் அது உயிருள்ள உறுப்பு. நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாகிய மிளிரி அதன் மேற்கவசம். அதனுள் சற்று மென்மையான ஒரு படை. அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக் கலன்களும் நிறைந்த பற்கூழ். இக்கூழ் பல்லின் முடியில் ஓர் அறையிலும், வேர்களில் நுண்ணிய கால்வாய்களிலும் தங்கி, வேர்நுனித் துளைவழியே தாடை என்போடு தொடர்பு கொள்கின்றது. சொத்தை ஆழ்ந்து கிருமிகள் கூழைச் சென்றடையின் அது வீங்க முனையும். சுற்றிலும் கடினமான சுவர் இருத்தலின் வீங்குதற்கு இடமில்லை. இரவெல்லாம் உறங்கவிடாத பல்வலி இதனாலேயே எழுகின்றது. சின்னாளிற் கூழ் இறந்துபட, வலியும் தணியும். சுகமாயிற்றென்று மகிழ்வோர் பலர். கிருமிகள் வேர்நுனியைக் கடந்து என்பை அரிக்கத் தொடங்குவது அதன் பின்னர்தான்.

மக்கள் 'நரம்பெடுத்தல்' என்று கூறும் வேர்க்கால்வாய்ச் சிகிச்சை இந்நிலையிற் பல்லைக் காப்பது. வைத்தியர் பல்லின் மேற்புறத்தே துளையிட்டுப் பழுதுற்ற கூழை அகற்றுவார். கால்வாய்களை மெல்லிய அரங்களால் அராவி, கிருமி நீக்கும் திரவத்தாற் கழுவி, வெற்றிடத்தை அடைத்து மூடுவார். இறப்பர்த் தோட்டத்தார் அறிந்து மகிழத்தக்க இரண்டு செய்திகள் இதில் உள. எச்சில் உட்புகாதவாறு பல்லைத் தனிமைப்படுத்த விரிப்பது மெல்லிய இறப்பர்த் தாள் ஒன்று. 1864இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சான்போர்ட் பார்ணம் என்னும் பல் வைத்தியர் கண்ட உபாயம் அது. கால்வாயை அடைக்கும் கட்டாபேர்ச்சாவோ மலாயாக் காட்டு மரமொன்றின் பால். இரசாயன அமைப்பில் இறப்பருக்கு உடன்பிறப்பு எனலாம். ஒருகாலத்தில் ஆழ்கடல் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்ததும் அதுவே.

கால்வாய்கள் அனைத்தையும் கண்டு துப்புரவு செய்தாலன்றி இச்சிகிச்சை நிலைக்காது. ஒன்று தப்பின், அதனுட் பதுங்கிய கிருமிகள் மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ மீண்டும் தலைதூக்கும். வேருக்கு ஒரு கால்வாய் என்று கணக்கிட்டு அமைதி கொள்ளவும் இயலாது. சூரிச் நகரத்து வால்ட்டர் ஹெஸ் என்பார், பிடுங்கிய பற்களின் கால்வாய்களுள் இறப்பரைச் செலுத்தி இறுகவைத்து, பல்லை அமிலத்திற் கரைத்து, எஞ்சிய இறப்பர் அச்சை ஆராய்ந்தார். 1925இல் அவ்வாய்வு ஆங்கிலத்தில் நூலாயிற்று. நேரான குழாய்களுக்குப் பதிலாக, கிளைத்தும் பிரிந்தும் மீளச் சேர்ந்தும் செல்லும் வலைகளை அவ்வச்சுகள் காட்டின. ஆறு வயதளவில் முளைக்கும் மேற்றாடைப் பெரிய கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். அதற்கு வேர்கள் மூன்று. கால்வாய்களோ பெரும்பாலும் நான்கு. கன்னப்புறத்து முன்வேரில் இரண்டு அமைந்திருப்பதே காரணம். அவ்விரண்டாவது கால்வாயின் வாய் ஊசிமுனை அளவினது. வெறுங்கண்ணுக்கு எளிதில் தப்பும். கால்வாய் அமைப்பு மக்கட் கூட்டத்துக்கு ஏற்பவும் வேறுபடும். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே இலங்கையர் பற்களையும் யப்பானியர் பற்களையும் ஒப்புநோக்கிச் செய்யப்பெற்ற ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. மேனாட்டுப் பாடநூலை மட்டும் நம்பி நம்மவர் பல்லைத் திறத்தல் போதாது என்பதற்கு இத்தகைய ஆய்வுகள் சான்று.

உள்ளிருப்பதைத் திறவாமற் காண என்ன வழி? 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டு சனவரியிலேயே ஜேர்மனியின் ஒற்றோ வால்கொப் தம் பற்களைப் படம்பிடித்தார். அதற்காக இருபத்தைந்து நிமிடம் அசையாது இருந்தாராம். 1899இல் அமெரிக்கரான எட்மண்ட் கெல்ஸ் கால்வாயினுள் ஈயக்கம்பியை இட்டுப் படமெடுத்து அதன் நீளத்தை அளந்தார். அன்றுதொட்டு இன்றுவரை அச்சிறு தட்டைப் படமே பல் வைத்தியரின் கண்ணாக உள்ளது. ஆயினும் அது நிழற்படம். மாலை வெயிலிற் சுவரில் விழும் மரநிழலைக் கண்டு, எந்தக் கிளை முன்னுள்ளது, எது பின்னுள்ளது என்று கூற முடியுமா? அவ்வாறே முன்னும் பின்னுமாய் அமைந்த இரு கால்வாய்கள் தட்டைப் படத்தில் ஒரே கோடாய்த் தோன்றும். வேர்நுனியில் உண்டாகும் என்பரிப்பும் அப்படியே. அரிப்பு என்பின் உட்பஞ்சுப் பகுதியில் மட்டும் நிற்கும்வரை படத்தில் தெரியாமலே போகலாம். புறத்தோட்டை அது தொட்ட பின்னரே பெரும்பாலும் கருநிழலாய்த் தெரியும் என்பதை 1961இல் பெண்டர், செல்ற்சர் என்னும் இருவர் பரிசோதனையாற் காட்டினர்.

நிழலைப் பல திசையினின்றும் எடுத்துக் கணக்கிட்டால் பொருளின் உருவைக் கட்டியெழுப்பலாம். இக்கருத்தை வைத்தியத்திற்குக் கொணர்ந்தவர், இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ. எம். ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்ட். 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளை சீ. ரீ. படமாயிற்று. 1979இல் அவர் கோர்மக் என்பாருடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். பற்களுக்கு அப்பெருங்கருவி பொருந்தவில்லை. கதிரும் மிகுதி, நுண்மையும் போதாது. 1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் யப்பானிலும் தாடைக்கென்றே வேறு கருவி உருவாயிற்று. கூம்பு வடிவாய் விரியும் கதிர்க்கற்றை ஒரு புறமும், அதனை ஏற்கும் தட்டு எதிர்ப்புறமுமாக நோயாளியின் தலையை ஒருமுறை சுற்றிவரும். அரை நிமிடத்திற்குள் நூற்றுக்கணக்கான நிழல்கள் பதிவாகும். கணினி அவற்றைச் சேர்த்துப் பத்திலொரு மில்லிமீற்றர் அளவிலான சிறு கனங்களாற் பல்லின் உருவை அடுக்கும். பின்னர் வைத்தியர் பலாப்பழத்தை அரிவது போல அவ்வுருவை எத்திசையிலும் அரிந்து நோக்கலாம். பல்லோ தொடப்படாமலே இருக்கும். 'சீ. பி. சீ. ரீ.' என்று வைத்தியர் எழுதித் தருவது இதனையே.

இதன் பயனுக்குச் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியார் 2011இல் வெளியிட்ட செய்தி ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. மேற்றாடைக் கடைவாய்ப்பல் ஒன்றில் எட்டுக் கால்வாய்கள் இருப்பதை அவர்கள் முப்பரிமாணப் படத்தால் உறுதிசெய்து சிகிச்சை அளித்தனர். மூன்றோ நான்கோ என்று எதிர்பார்க்கும் இடத்தில் எட்டு! இத்தகைய பல் மிக அரிது. நான்காவது கால்வாய் தப்பிப்போதலோ அரிதன்று. எமக்குத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஒரே பல்லுக்கு இருமுறை சிகிச்சை பெற்றார். ஈறு மீண்டும் மீண்டும் சீழ் கொண்டது. பிடுங்கிவிடுவோம் என்ற நிலையில், எடுத்துப் பார்த்த முப்பரிமாணப் படம் எவரும் தொடாத கால்வாயொன்றைக் காட்டிற்று. அப்பல் இன்றும் அவர் வாயில் உள்ளது. ஆனால் அதற்குமுன் அவர் போய்வந்த நாட்கள் எத்தனை! ஒவ்வொரு நாளும் தோட்டக் கணக்கில் ஒரு 'பேர்' இழந்த நாள் என்பதை நகரத்து நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.

அப்படியாயின் எல்லோருக்கும் எடுத்துவிடலாமே எனின், கூடாது. மேலே கூறிய கெல்ஸ், நோயாளிகளின் வாயிற் படச்சுருளைத் தம் கையாற் பிடித்துப் பிடித்தே விரல்களையும், பின் கையையும் இழந்தார். இன்றைய கருவிகள் அத்தகையன அல்ல. ஆயினும் கதிர் கதிரே. ஒரு சிறு தட்டைப் படத்திற் சேரும் கதிர், இயற்கையில் ஒரு நாளில் நம்மேற் படும் அளவை ஒத்தது; பல வேளை அதனிலும் குறைவு. சில பற்களை மட்டும் அடக்கும் முப்பரிமாணப் படத்தில், கருவிக்கேற்பச் சில நாட்களின் அளவு முதற் பல கிழமைகளின் அளவு வரை சேரும். சிறுவருக்கு இதில் மேலும் எச்சரிக்கை வேண்டும். வேர்ச்சிகிச்சை வைத்தியருக்கான அமெரிக்கச் சங்கம், கதிர்ப்பட வல்லுநர் கழகத்துடன் கூடி 2010இல் வெளியிட்டு 2015இல் திருத்திய அறிக்கையும் இதனையே வற்புறுத்துகின்றது. முதலில் தட்டைப் படம். அது விடைதராத வினா எழும்போது மட்டும் முப்பரிமாணப் படம். அதுவும் வேண்டிய பல்லை அடக்கும் சிறுபரப்பினது. மிகைக் கால்வாய் உண்டென்ற ஐயம், முன்னர் செய்த சிகிச்சை தோற்றமை, வேர்நுனி அறுவை, அடிபட்ட பல், தானே கரையும் வேர் முதலியன அத்தகைய சந்தர்ப்பங்கள்.

படம் கூறுவதனைத்தும் வேதவாக்கும் அன்று. உலோக அடைப்பும் உலோக முடியும் உள்ள இடத்தில் கதிர் சிதறி, இல்லாத கோடுகளை இருப்பனபோற் காட்டும். முன்பு அடைக்கப்பட்ட வேரிலே தோன்றும் மயிர்க்கோடு வெடிப்போ, சிதறலின் மாயமோ என்று துணிதல் வல்லுநர்க்கும் கடினம். படமெடுக்கையில் தலை அசைந்தாலும் உரு மங்கும்.

கொழும்பு–கண்டி வீதியில் இருப்பது வரக்காப்பொலைக்கு ஒரு வாய்ப்பு. மேற்கே கொழும்பிலே தேசிய பல் வைத்தியசாலை. கிழக்கே பேராதனையிலே பல் போதனா வைத்தியசாலை. இரண்டும் அரசாங்கத்தின. கடைவாய்ப்பல் நோகின்றதெனின் முதலில் அண்மையிலுள்ள அரசாங்கப் பற்சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, "இதைக் காப்பாற்ற முடியுமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், கேளாதவர்க்குப் பல விடத்தும் பிடுங்கலே விடையாகின்றது. தனியார் இடத்தில் முப்பரிமாணப் படம் எடுக்கச் சொன்னால், தட்டைப் படத்தில் தெரியாத எதனை அறிவதற்கு என்று வினவுதல் நோயாளியின் உரிமை. நல்ல வைத்தியர் அதற்குச் சினவார். எடுத்த படத்தின் இறுவட்டையும் அறிக்கையையும் பழைய எக்ஸ் கதிர்ப் படங்களோடு ஓர் உறையிலிட்டுப் பேணி, அடுத்த வைத்தியரிடம் செல்லும்போது தவறாது கொண்டுசெல்க. ஒரே பல்லுக்கு இரண்டாம் முறை கதிர்பட வேண்டிய தேவையையும், இன்னொரு 'பேர்' இழப்பையும் அவ்வுறை தவிர்க்கக்கூடும்.