அஞ்சறைப் பெட்டியில் ஒரு பொது அறிவுப் போட்டி!

"உனக்கென்னம்மா தெரியும்? நீ வீட்டிலேதானே இருக்கே!"

எட்டாவது படிக்கும் என் மகள் இப்படிச் சொன்னபோது, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கோபம் வரவில்லை. ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது. அவள் பள்ளிக்கூடத்தில் பொது அறிவுப் போட்டி வைத்திருக்கிறார்கள். "நான் கேள்வி கேட்கறேன், நீ பதில் சொல்லு" என்று ஆசையாய்ப் போனதற்குக் கிடைத்த பரிசு இது!

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் யோசித்தேன். வீட்டில் இருக்கிறவளைச் சுற்றி என்னதான் இருக்கிறது? அஞ்சறைப் பெட்டி, சர்க்கரை டப்பா, பூக்காரம்மா அளந்து கொடுக்கும் பூ, தெருவில் மணியடித்துக்கொண்டு போகும் பஞ்சு மிட்டாய்க்காரர்... ஏன், இதிலெல்லாம் சரித்திரம் இல்லையா? பூகோளம் இல்லையா? விஞ்ஞானம் இல்லையா?

மறுநாள் குழந்தைகள் பள்ளிக்குப் போனதும் நூலகத்துக்கு நடந்தேன். ஒரு வாரம் புரட்டியதில் பத்துக் கேள்விகள் தேறின. மகளிடம் நோட்டை நீட்டினேன். பத்துக்கு மூன்றுதான் வாங்கினாள்! "இதெல்லாம் எங்கேம்மா பிடிச்சே?" என்றாள். "நம்ம அடுக்களையிலேதான்!" என்றேன்.

அதே பத்துக் கேள்விகள் இதோ, உங்களுக்கும். பதிலை எட்டிப் பார்க்காமல் முயன்று பாருங்கள், சகோதரிகளே!

1. குருமாவில் போடும் எந்த மசாலாச் சாமான் உண்மையில் ஒரு பூ மொட்டு?

2. ஒரு கிலோ குங்குமப்பூ கிடைக்க ஏறக்குறைய எத்தனை பூக்கள் வேண்டும்?

3. வெனிலாப் பூவில் கையால் மகரந்தம் சேர்க்கும் சுலபமான வழியைக் கண்டுபிடித்தவருக்கு அப்போது என்ன வயது?

4. மிட்டாயை ஆங்கிலத்தில் 'காண்டி' என்கிறார்களே, அதற்கும் நம் கற்கண்டுக்கும் என்ன உறவு?

5. சர்க்கரைக்குச் 'சீனி' என்ற பெயர் எந்த நாட்டை நினைவூட்டுகிறது?

6. கரும்பு ஆராய்ச்சிக்குக் கோயமுத்தூரைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அங்கே பணியாற்றிய புகழ்பெற்ற பெண் விஞ்ஞானி யார்?

7. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் என்ன தொழில் செய்தவர்?

8. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்கு ஏன் தடை வந்தது?

9. 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்தபடி எந்த ஆண்டில் பூக்க வேண்டும்?

10. தமிழ்நாட்டின் மாநில மலர் எது? அதுவே தேசிய மலராக உள்ள நாடு எது?

என்ன, எழுதிவிட்டீர்களா? சரி, பதில்களைப் பார்ப்போமா?

சமைக்கிற பூக்கள்

முதல் கேள்விக்குப் பதில், கிராம்பு! மரத்தில் பூ மலர்வதற்கு முன்பே மொட்டாகப் பறித்து, வெயிலில் காயவைத்ததுதான் கிராம்பு. ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். காம்பும், தலையில் மூடிய மொட்டும் தெரியும். இதன் பூர்வீகம் இந்தோனேஷியாவின் மலுக்குத் தீவுகள். இந்தச் சின்ன மொட்டுக்காக ஐரோப்பியர்கள் கப்பல் கட்டிக்கொண்டு வந்து, சண்டை போட்டு, தீவுகளையே பிடித்தார்கள் என்றால் பாருங்களேன்! நாம் பொரியல் செய்கிற காலிபிளவரும் முற்றாத பூங்கொத்துதான். வாழைப்பூவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை ஆய்ந்து கை கறுத்தவர்களுக்குத் தெரியாததா?

குங்குமப்பூவில் நாம் பயன்படுத்துவது இதழ்களை அல்ல. பூவின் நடுவிலுள்ள மூன்றே மூன்று சிவப்பு இழைகளை. ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் தேவைப்படும். ஒவ்வொன்றையும் கையால் பறித்து, கையாலேயே இழை பிரிக்க வேண்டும். காஷ்மீரில் பாம்பூர் இதற்குப் பேர்போன ஊர். விலை ஏன் ஆகாயத்தில் இருக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா? மலிவு விலையில் "அசல் குங்குமப்பூ" என்று யாராவது நீட்டினால், இந்தக் கணக்கை ஒரு தடவை மனசுக்குள் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வியின் பதில் என் கண்ணைக் கலங்க வைத்தது. வெனிலா என்பது மெக்ஸிகோ பக்கத்து ஆர்க்கிட் கொடி. மற்ற நாடுகளில் கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. அந்தப் பூவோ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். 1841-ல், இந்துமகா சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவில், எட்மண்ட் ஆல்பியஸ் என்ற அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியாலும் கட்டைவிரலாலும் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு! இன்றும் தோட்டங்களில் அந்த முறைதான். உலகத்துக்கே வெனிலாவைக் கொடுத்த அவர், 1848-ல் அடிமைத்தனம் ஒழிந்து விடுதலை பெற்றாலும், 1880-ல் ஏழையாகவே இறந்தார். என் சின்னவன் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னைவிட மூணு வயசுதாம்மா பெரியவன்!" என்றான்.

கற்கண்டு போன வழி

நான்காவது கேள்வி. 'கண்ட' என்ற வடமொழிச் சொல்லுக்குக் கட்டி வெல்லம், சர்க்கரைக் கட்டி என்று பொருள். நம் கல் + கண்டிலும் அதே 'கண்டு'தான். இந்தச் சொல் பாரசீகத்துக்குப் போய் 'கந்த்' ஆகி, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்து, 'காண்டி' ஆகிவிட்டது. 'சர்க்கரா'தான் இதேபோல் ஊர் ஊராய்ப் போய் 'சுகர்' ஆயிற்று. கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணலாக உறைய வைக்கும் வித்தையை உலகம் நம்மிடம்தான் கற்றது.

அப்படியானால் 'சீனி' எங்கிருந்து வந்தது? சீன தேசத்தின் பெயரிலிருந்து! 647-ம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்தி தாய்ட்ஸோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினாராம். இங்கிருந்து போன சரக்கு, சீனாவின் பெயரைச் சூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. நாம் புகுந்த வீட்டுப் பெயரைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி! வடக்கே கற்கண்டை 'மிஸ்ரி' என்கிறார்கள். 'மிஸ்ர்' என்றால் எகிப்து. ஒரு டப்பாவுக்குள் மூன்று தேசங்கள்!

கோயமுத்தூரில் ஒரு ஜானகி அம்மாள்

கரும்பு பூக்குமா என்று கேட்காதீர்கள். நன்றாகவே பூக்கும், வெள்ளைக் குஞ்சம் மாதிரி. ஆனால் எல்லா ஊரிலும் ஒழுங்காகப் பூத்து விதை வைக்காது. கோயமுத்தூர்ச் சீதோஷ்ணத்தில் அது தாராளமாகப் பூக்கிறது என்பதால்தான் 1912-ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. நாட்டுக்கரும்பு மெலிசு; வெளிநாட்டுக் கரும்போ வடக்கத்திக் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. அதனால் காட்டில் தானாக வளரும் நாணல் இனத்தோடு கரும்பை இணைத்தார்கள். 1918-ல் 'கோ 205' பிறந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர்தான்!

இந்த நிலையத்தில் 1934-லிருந்து பணியாற்றியவர் டாக்டர் இ.கே. ஜானகி அம்மாள். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். பெண்களைப் பதினைந்து வயதுக்குள் கட்டிக்கொடுத்த காலத்தில், கல்யாணம் வேண்டாம், படிப்புதான் வேண்டும் என்று சென்னைக்கு வந்து படித்தார். பிறகு கப்பலேறி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கரும்பைப் பல்வேறு புல்லினங்களோடு இணைத்து ஆராய்ந்தார். பின்னாளில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களில் ஒரு வகைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். 1977-ல் பத்மஸ்ரீ. 1984-ல் காலமானார். கொடைக்கானலில் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கும் அவர் பெயர் உண்டு.

இதை வாசித்துக் காட்டியபோது என் மாமியார், "ஏண்டி, நம்ம காப்பிக்குச் சர்க்கரை போடற கையிலே ஒரு பொம்பளையோட மூளையும் இருக்குன்னு சொல்லு!" என்றார். அந்த மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை!

பல் வைத்தியர் கொடுத்த மிட்டாய்!

ஏழாவது கேள்வியில்தான் வீடே சிரித்தது. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பல் வைத்தியர்! அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து டாக்டர் வில்லியம் மாரிசன், மிட்டாய்க்காரர் ஜான் வார்ட்டனோடு சேர்ந்து 1897-ல் இதைச் செய்தார். ஜானகி அம்மாள் பிறந்த அதே ஆண்டு! சூட்டில் உருகிய சர்க்கரை, வேகமாய்ச் சுழலும் கிண்ணத்தின் பொடித் துவாரங்கள் வழியே வெளியே வீசப்படுகிறது. காற்றுப் பட்டதும் நூலாக உறைந்துவிடுகிறது. 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து உலகக் கண்காட்சியில் பெட்டி 25 சென்ட் வீதம் 68,655 பெட்டிகள் விற்றார்களாம். பல் கெட்டால்தானே வைத்தியருக்கு வரும்படி!

சிரித்தது போதும். எட்டாவது கேள்வி விளையாட்டில்லை. சர்க்கரையின் சொந்த நிறம் வெள்ளை. அந்தக் கண்ணைப் பறிக்கும் ரோஜா நிறம் எங்கிருந்து வந்தது? துணிக்கும் காகிதத்துக்கும் போடும் 'ரோடமின்-பி' என்ற சாயம் பஞ்சு மிட்டாயில் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்தது. 2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், பிறகு தமிழ்நாட்டிலும் விற்பனைக்குத் தடை போட்டார்கள். இந்தச் சாயத்தை உணவில் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு மனசு ஆறவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா, "அழாதேடா கண்ணு" என்று நானே காசு கொடுத்து வாங்கித் தந்ததுதானே! இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: கை விரலிலும் நாக்கிலும் அப்பிக்கொள்ளும் பளீர் நிற மிட்டாய் எதுவும் கூடாது. பாக்கெட்டில் வாங்கினால், தயாரித்தவர் பெயர், தேதி, பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது சின்னவன் வேலை. இனிப்பு தின்றால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஆசைக்கு இருக்கவே இருக்கிறது, கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறதே!

அழகில் ஆபத்து

ஒன்பதாவது கேள்வி சுலபம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018... அடுத்தது 2030. என் மகள் அப்போது எங்கே எப்படி இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். உங்கள் குழந்தைக்கும் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

பத்தாவது: மாநில மலர், செங்காந்தள். தீச்சுடர் மாதிரி இதழ்கள் மேலே வளைந்திருக்கும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுதான் தேசிய மலர். கண்வலிக்கிழங்கு என்று நம் கிராமங்களில் சொல்வது இதன் கிழங்கைத்தான். இதிலுள்ள 'கோல்சிசின்' கவுட் என்ற மூட்டுவாத நோய்க்கு மருந்தாகிறது. ஆனால் அது டாக்டர் அளந்து கொடுக்கும்போது மட்டும்! செடியின் எல்லாப் பாகமும் விஷம். கிழங்கு உயிரையே எடுக்கும்.

வேலியோரத்து அரளியும் அப்படித்தான். இலை, பூ, விதை எல்லாமே இதயத் துடிப்பைப் பாதிக்கும். 2024 மே மாதம், அரளி இலையை வாயிலிட்டதால் ஒரு இளம்பெண் இறந்ததாகச் சந்தேகம் எழுந்ததும், கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, கோயில் பிரசாதத்திலும் நைவேத்தியத்திலும் அரளியைச் சேர்க்க வேண்டாம் என்று நிறுத்தியது. தவழும் குழந்தை உள்ள வீடுகளில் பூஜை முடிந்த பூக்களைக் கைக்கெட்டும் இடத்தில் விடாதீர்கள். தோட்டத்தில் அரளி இருந்தால், "பார்க்கலாம், வாயில் வைக்கக் கூடாது" என்று குழந்தைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

தப்பித் தவறிக் குழந்தை மென்றுவிட்டால்? வாயில் மிச்சமிருப்பதை விரலால் எடுத்துவிட்டு, வாயைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டி வைத்தியத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். தின்ற இலையையோ பூவையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-ஐக் கூப்பிடலாம். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் காத்திருப்பதுதான் பெரிய தப்பு.

உங்கள் மதிப்பெண் என்ன?

எட்டுக்கு மேல் வாங்கியிருந்தால் உங்களுக்கு ஒரு முழம் மல்லிகை! ஐந்துக்கு மேல் என்றால் பாதி முழம். அதற்கும் கீழே என்றால் கவலைப்படாதீர்கள், என் மகளும் உங்கள் கட்சிதான்!

பின்குறிப்பாக ஒன்று: போட்டியில் அவர்கள் குழுவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நான் எழுதிய பத்தில் ஒரு கேள்விகூட அங்கே வரவில்லை. அதனால் என்ன? அன்று சாயந்திரம் அவள் அடுக்களைக்கு வந்து, அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். அன்னாசிப்பூவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது பூதானே?"

"பூ இல்லேடி, பேர்தான் பூ. காய்ஞ்ச காய் அது. உள்ளே பார், விதை இருக்கு."

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"நான் வீட்டிலேதானே இருக்கேன்!" என்றேன்.