ஆய்வுகூடத்து எலிக்கும் உரிமை உண்டு

உயர்தரத்தில் உயிரியல் படித்துப் பல்கலைக்கழகம் செல்லும் எமது பெண்பிள்ளைகளுள் சிலர், வைத்தியத் துறையைவிட ஆராய்ச்சித் துறையையே விரும்புகின்றனர். ஆனால் எலி, முயல் முதலியவற்றில் சோதனை செய்யும் தொழில் என்றதும் வீட்டில் தயக்கம் தோன்றுகின்றது. “வாயில்லாச் சீவனை வதைப்பது பாவமில்லையா மகள்?” என்று உம்மா கேட்கிறார். பிள்ளை பதிலின்றி நிற்கிறாள்.

உம்மாவின் அச்சம் நியாயமானதே. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். உயிருள்ள பிராணியை அம்பெய்யும் இலக்காக்குவதைத் தடுத்தார்கள். அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்குமாறு பணித்தார்கள். தேவைக்காக உயிரெடுக்க அனுமதி உண்டு. ஆனால் எப்படியும் எடுக்கலாம் என்பதற்கு அனுமதி இல்லை.

ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (மரணம் 1262), கால்நடைகளுக்கு மனிதன் செலுத்த வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்தினார். கிழடாகி, நோயுற்றுப் பயன்தராத போதும் தீனி கொடுக்க வேண்டும். தாங்காத சுமையை ஏற்றலாகாது. தாயின் கண்முன்னே குட்டியை அறுக்கலாகாது என்பன அவற்றுட் சில.

அதேவேளை, ஸ்பெயினின் முஸ்லிம் மருத்துவர் இப்னு ஸுஹ்ர் (மரணம் 1162), மூச்சுக்குழாயைத் திறக்கும் சத்திரசிகிச்சையை ஓர் ஆட்டில் செய்து, காயம் ஆறுவதைக் கண்டறிந்தார். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை லூயி பாஸ்டர் முயல்களின் முண்ணாணிலிருந்து தயாரித்து, 1885இல் ஒரு சிறுவனுக்கு ஏற்றினார். சீனி வருத்தத்திற்குப் போடும் இன்சுலின், 1921இல் கனடாவில் நாய்களில் செய்த ஆய்வின் பயனாகும். இவற்றால் பயனடையாத ஊர் எது?

ஆகவே கேட்க வேண்டியது, சோதனை தேவையானதா, வீணானதா என்பதே. 1959இல் ரஸல், பர்ச் என்ற ஆங்கிலேய அறிஞர்கள் மூன்று விதிகளை வகுத்தனர். பிராணியின்றிச் செய்ய வழியிருந்தால் அதையே கைக்கொள்ள வேண்டும். இல்லையேல் மிகக் குறைந்த தொகையையே பயன்படுத்த வேண்டும். அவற்றின் வேதனையையும் இயன்றளவு குறைக்க வேண்டும். நிர்ப்பந்தத்தால் கிடைத்த சலுகை அதன் அளவைத் தாண்டலாகாது என்ற எமது பிக்ஹு விதிக்கு இது எவ்வளவு நெருக்கமானது! அழகுசாதனப் பொருட்களுக்காக விலங்குகளை வதைப்பது இந்த அளவுகோலில் தேறாது. விலங்குகளில் சோதித்த அத்தகைய பொருட்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் முற்றாகத் தடைசெய்தது.

இத்துறையை நாடும் மகளே! சேருமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஆய்வை நெறிக்குழு பரிசீலித்ததா? மயக்க மருந்து கொடுக்கப்படுகிறதா? விடுமுறை நாளில் கூட்டுக்குத் தண்ணீர் வைப்பவர் யார்? உரோமம் சிலிர்த்து, முதுகு கூனி, தீனி தின்னாமல் ஒதுங்கும் எலி வேதனையில் இருக்கின்றது. அதைக் கண்டதும் பொறுப்பாளரிடம் சொல்லும் துணிவும் உங்களுக்கு வேண்டும்.

பெற்றோரே! இரக்கமுள்ள பிள்ளைகள் எல்லோரும் விலகிக்கொண்டால், அக்கூடுகள் இரக்கமற்றவர்களின் கைக்கே போய்ச் சேரும். உயிருக்கு இரங்கும் உள்ளத்தை வீட்டில் ஊட்டி, துஆவோடு அவர்களை அனுப்பி வையுங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் எம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக!