பால் பொங்குவதற்கு முந்தைய நொடி

காலை ஐந்தரை மணி. பால் பாக்கெட்டை வெட்டி ஊற்றி அடுப்பில் ஏற்றியாயிற்று. பக்கத்திலேயேதான் நிற்கிறோம். ஆனாலும் மனசு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கும், நேற்று யாரோ சொன்ன சொல்லுக்கும் போய்விடுகிறது. ‘சுர்ர்’ என்ற சத்தத்துக்குத் திரும்பினால் பர்னரெல்லாம் பால்.

தியானம் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாத்திரத்தைத்தான் காட்டுவேன்.

தண்ணீர் கொதித்தால் குமிழி வந்து உடைந்துபோகும். பால் பொங்குவது ஏட்டால். சூடு ஏற ஏறப் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே மெல்லிய தோலாகப் படிகின்றன. அடியிலிருந்து கிளம்பும் நீராவி வழி கிடைக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு மேலேறுகிறது. மனதிலும் இதுதான் நடக்கிறது. “அவர் அப்படிச் சொன்னார்” என்பது ஒரு குமிழி. “எப்பவுமே என்னை மட்டம் தட்டத்தான் பார்ப்பார், நாளைக்கு நேராகவே கேட்டுவிட வேண்டும்” என்று அதன்மேல் கதை படியும்போது அது ஏடு.

புதிதாக உட்காருகிறவர்கள் குமிழியே வரக் கூடாது என்று எதிர்பார்த்துத் தவித்துப்போகிறார்கள். அடுப்பு எரிகிறவரை குமிழி வரும். 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம், அன்றாட வேலைகளுக்கு நடுவே செல்பேசியில் கேட்டுக் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் அவர்களுடைய மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. ஆகவே உங்கள் மனம் மட்டும் குரங்கு என்று நொந்துகொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது சிறிய வேலை. நாற்காலியோ மனையோ, முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். கண்ணை மூடி, மூக்கு நுனியில் காற்று வந்து போவதைக் கவனியுங்கள். உள்ளே போகும்போது சற்றுக் குளிர்ச்சி, வெளியே வரும்போது இளஞ்சூடு. விபாசனா பத்து நாள் முகாமிலும் முதல் மூன்று நாட்கள் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. அந்த மரபில் மூச்சை எண்ணக் கூடாது. ஜென் மரபில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொல்வார்கள். ஆரம்பத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும் என்பதால் எண்ணுவதையே நான் சொல்வேன்.

நான்காவது எண்ணுக்குள் மனம் ஃபீஸ் கட்டப் போய்விடும். எவ்வளவு நேரம் போயிற்று என்றே தெரியாது. திடீரென்று, ‘அடடா, எங்கே போய்விட்டேன்!’ என்று ஒரு விழிப்பு வரும். அந்த நொடியில்தான் பெரும்பாலோர் “எனக்கு இது வராது” என்று எழுந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஆற்றாமை உண்டு. ஏனென்றால் பயிற்சி என்பதே அந்த நொடிதான்.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் வெண்டி ஹாசென்காம்ப் குழுவினர், தியானம் பழகிய 14 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனம் அலைந்தது தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், அலையும்போது மூளையின் ஒரு வலைப்பின்னலும், ‘அலைந்துவிட்டேன்’ என்று உணரும்போது வேறொன்றும், மூச்சுக்குத் திரும்பும்போது இன்னொன்றும் வேலை செய்வது தெரிந்தது. பத்து நிமிடத்தில் இருபது முறை மனம் ஓடிப்போனால், இருபது முறை கண்டுபிடித்துத் திரும்பியிருக்கிறீர்கள். அத்தனையும் பயிற்சிக் கணக்கு.

அடுப்படியில் புதிதாக நிற்பவருக்குச் ‘சுர்ர்’ சத்தம்தான் தகவல். பழகியவருக்கு, பாத்திர விளிம்பில் நுரை வளையம் கட்டத் தொடங்கும்போதே கை அடுப்பின் திருகுக்குப் போய்விடும். தியானம் இப்படித்தான் கண்டுகொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கொண்டுவருகிறது.

கண்டுகொண்டபின்? சிம்மில் வைக்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது வேகஸ் நரம்பின் வழியே மெதுவாகும். ஒரு மூச்சை நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். உடம்பிலேயே இருக்கும் சிம் அது. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

எத்தனை நாளில் பலன் என்பதற்குப் பாலை விட்டுத் தோசைக்கல்லுக்கு வர வேண்டும். புது இரும்புக்கல்லில் யாரும் உடனே தோசை வார்ப்பதில்லை. வடிகஞ்சியில் ஊற வைத்துத் தேய்த்து, நல்லெண்ணெய் தடவிச் சூடு காட்டி, நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு வதக்கிப் பழக்குகிறோம். எண்ணெய் சூட்டில் இறுகி, படலம் படலமாக இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே நாளில் கால் லிட்டர் ஊற்றிக் காய்ச்சினால் பிசுக்குதான் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் பத்து நிமிடம் நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஐந்து நிமிடமானாலும் சரி. கல்லுக்கும் மனசுக்கும் பழக்குவது என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்குக் கண்ணை மூடினால் பழைய வலியும் பயமும் தாங்க முடியாமல் மேலே வரும். ஆவி அடங்காத குக்கரைப் பலவந்தமாகத் திறக்கக் கூடாது. கண்ணைத் திறந்துவிடுங்கள், எழுந்து நடங்கள், மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.

நான் உட்காரத் தொடங்கி மூன்றாவது மாதம். அம்மாவின் மருந்துச் செலவு பற்றித் தங்கை போனில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தாள். என் காது மடல் சூடாவது தெரிந்தது. பதில் நாக்கில் தயாராக நின்றது. விளிம்பில் நுரை கட்டுகிறது என்று புரிந்து, மூச்சை நீளமாக விட்டேன்.

“சொல்லுடி, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, “அக்கா, எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.