ஆலை போனாலும் அழுக்கு மண்ணிலே இருக்கும்



ஒரு ஆலையை மூடினால் என்ன நடக்கும்? மெஷினைக் கழற்றி விற்பார்கள். கூரைத் தகரமும் போய்விடும். நாலு மழை பெய்தால் புல் முளைத்துவிடும். "புல்லு நல்லா வருதே, மண்ணுக்கு என்ன குறை?" என்று நாம் நினைப்போம். ஆனால் ஆலையில் சிந்திய எண்ணெய், தார், ஈயம், இரசாயன மருந்து எல்லாம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மழைத்தண்ணீரோடு ஊறிக் கிணற்றுக்கும் போகும்.

இப்படிக் கெட்டுப்போன நிலத்தை ஒரு ஊர்ச்சபை எப்படித் திரும்ப நல்லதாக்கலாம்? இதில் அதிகம் அடிபட்டுப் பாடம் படித்த நாடு அமெரிக்கா. அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஒரு டொலருக்குப் போன நிலம்

நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் லவ் கனால் என்று ஒரு பாதி வெட்டிய கால்வாய் இருந்தது. ஹூக்கர் என்ற இரசாயனக் கம்பனி 1942 முதல் சுமார் 21,000 தொன் கழிவை அதிலே புதைத்தது. 1953இல் மண் போட்டு மூடி, ஒரே ஒரு டொலருக்குப் பாடசாலைச் சபைக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே இரசாயனக் கழிவு இருக்கிறது என்று உறுதியிலேயே எழுதியிருந்தது. அப்படியிருந்தும் பாடசாலை கட்டினார்கள். சுற்றிவர வீடுகளும் வந்தன.

வருடங்கள் போக, கழிவு ஊறி வீடுகளின் நிலவறைக்குள்ளும் முற்றத்துக்கும் வந்துவிட்டது. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் அங்கே அவசரநிலை பிரகடனம் செய்தார். முதலில் 200க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது.

சட்டம் வந்தது, பயமும் வந்தது

1980இல் ஒரு கடுமையான சட்டம் வந்தது. அழுக்காக்கியவர்தான் சுத்தப்படுத்தவும் வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் பிறகு நிலத்தை வாங்கினவர் தலையிலும் அந்தப் பொறுப்பு விழக்கூடும் என்பதால் வாங்க ஆள் வரவில்லை. வங்கியும் கடன் கொடுக்கப் பயந்தது. பழைய ஆலைக் காணிகள் பாழாகவே கிடந்தன. வேலையும் இல்லை, சபைக்கு வரியும் இல்லை. இந்த மாதிரி இடங்கள் அந்த நாட்டிலே 450,000க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ஆகவே 1990களின் நடுப்பகுதியில் மத்திய அரசாங்கம் ஊர்ச்சபைகளுக்கு உதவத் தொடங்கியது. 2002இல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். வாங்குவதற்கு முன்பே ஒழுங்காக விசாரித்து, சட்டம் சொன்னபடி நடப்பவருக்குப் பாதுகாப்பும் கொடுத்தார்கள்.

வேலை நடக்கும் முறை

1. முதலில் விசாரணை. பழைய உறுதி, வரைபடம் பார்ப்பார்கள். அங்கே வேலை செய்த பழைய ஆட்களிடம் "எங்கே என்ன கொட்டினீங்க?" என்று கேட்பார்கள்.

2. சந்தேகம் இருந்தால் மண்ணையும் நிலத்தடித் தண்ணீரையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

3. பிறகு சுத்திகரிப்பு. கெட்ட மண்ணை அள்ளுவது, அல்லது நல்ல மண்ணால் மூடுவது, அல்லது கிருமிகளை விட்டே அழுக்கைத் தின்ன வைப்பது.

4. வீடா, பூங்காவா, கடையா என்ற தீர்மானத்தைச் சுத்திகரிப்புக்கு முன்பே யோசிக்கவேண்டும். வீடும் பாடசாலையும் என்றால் மண் இன்னும் சுத்தமாக இருக்கவேண்டும்.

பரிசோதனைக்கும் சுத்திகரிப்புக்கும் சபைக்குப் பணம் கிடைக்கும். அந்த ஊரில் வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு இந்த வேலையைப் பழக்கவும் பணம் உண்டு.

சியாட்டில் நகரத்துப் பூங்கா

இந்த உதவியெல்லாம் வருவதற்கு முன்பே சியாட்டில் நகரசபை துணிந்து ஒரு காரியம் செய்தது. ஏரிக்கரையில் நிலக்கரியிலிருந்தும் பிறகு எண்ணெயிலிருந்தும் வாயு எடுத்த ஆலை ஒன்று 1906 முதல் 1956 வரை ஓடியது. சுமார் 20 ஏக்கர். மண்ணெல்லாம் தார். அந்தக் காணியைச் சபை பூங்காவுக்கென்று வாங்கியது. ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர் கழிவுச் சேற்றையும் மரத்தூளையும் மண்ணிலே கலந்து உழவைத்தார். நாம் கொம்போஸ்ட் போடுகிற மாதிரிதான். மண்ணில் இருக்கும் கிருமிகள் எண்ணெயைத் தின்னும். 1975இல் பூங்கா திறந்தார்கள்.

அத்தோடு முடியவில்லை. 1984இல் திரும்பப் பரிசோதித்தபோது மண்ணில் நச்சுப் பொருள் இருந்தது. சில மாதம் பூங்காவை மூடி, மேலும் வேலை செய்து, பிறகு திறந்தார்கள். இன்று பிள்ளைகள் அங்கே பட்டம் விடுகிறார்கள். ஆனால் அந்தக் கரையிலிருந்து ஏரியில் இறங்கக் கூடாது என்று தடை இருக்கிறது. அடிச்சேறு இன்னும் சுத்தமாகவில்லை.

நமக்கு என்ன பாடம்?

மண்ணைக் கெடுக்க ஒரு நாள் போதும். திருத்த ஒரு தலைமுறை போகலாம். ஆகவே:

• வீடு கட்டவோ மரக்கறி போடவோ இடம் கிடைத்தால், முன்னே அங்கே என்ன இருந்தது என்று வயசான ஆட்களிடம் கேளுங்கள். பழைய மருந்துக் களஞ்சியமோ எண்ணெய் டாங்கியோ இருந்த இடம் என்றால் அவசரப்படவேண்டாம்.

• மருந்து வந்த கேனில் குடிதண்ணீர் பிடிக்கவேண்டாம். ஓடைக்கரையில் கழுவவும் வேண்டாம்.

• சந்தேகம் இருந்தால் பி.எச்.ஐ. ஐயாவிடம் சொல்லுங்கள். பிரதேச சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்திலே கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யப் பிரதேச சபைக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி விட்டிருக்கிறது.

லவ் கனாலில் எச்சரிக்கை உறுதியிலேயே எழுதியிருந்தது. அங்கே வீடு வாங்கிய அநேகம் பேருக்கு அது தெரியாது. நாம் கேட்டுத் தெரிந்துகொண்டு குடியேறுவோம்.